எண்டு இருக்கேக்கை கொட்டேசன் என்னத்துக்கு?

புள்ளியைக் கொட்டேசனுக்கு உள்ளுக்கை போடுறதோ வெளியிலை போடுறதோ எண்டு ஆராவது என்னட்டைக் கேட்டால் முதல்லை சிரிப்பு வரும், பேந்து கொஞ்சம் எரிச்சலும் வரும், ஏனெண்டால் உந்தப் புள்ளியிலை நிண்டு மல்லுக்கட்டுற ஆக்கள் அந்த ரெண்டு குறிக்கும் நடுவிலை கிடக்கிற வசனம் ஆற்றை வசனம் எண்டதை ஒருநாளும் திரும்பிப் பாக்கிறேல்லை. நான் படிப்பிக்கிற ஆள் இல்லை. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ரைப்செற்றிங், போட்டோகொப்பி, பைண்டிங் எல்லாத்தையும் ஒண்டாச் செய்யிற சின்னக் கடை என்ரை. ஆனா கம்பஸ் பிள்ளையளின்ரை ஆய்வு, பிஎட் செய்யிற ரீச்சர்மாற்றை செயல்நிலை ஆய்வு, கல்வியியற் கல்லூரிப் பிள்ளையளின்ரை ஒப்படை, திறந்த பல்கலைக்கழக அசைன்மென்ற் எண்டு கிளிநொச்சியிலை எழுதுப்படுற கட்டுரையளிலை ஒரு நல்ல பங்கு இந்த மேசைக்கு மேலாலைதான் போகுது. கையெழுத்திலை வரும், போனிலை போட்டோ எடுத்து வரும், வாட்சப்பிலை வொய்சா கூட வரும். எல்லாத்தையும் அடிச்சு அடிச்சு, மேற்கோள் போடுற விசயத்திலை எனக்கெண்டு ஒரு அபிப்பிராயம் வந்திட்டுது, அதை இண்டைக்கு இறக்கி வைப்பம் எண்டு பாக்கிறன்.

புள்ளிச் சண்டை

முதல்லை அந்தப் புள்ளியை முடிச்சு விடுவம். இங்கிலீசிலை எழுதுற ஆக்களுக்கு அது உண்மையிலையே ஒரு பிரச்சினைதான். அமெரிக்காக்காரர் புள்ளியையும் கொமாவையும் கொட்டேசனுக்கு உள்ளுக்கை தள்ளி விடுவினம், பிரிட்டிஷ்காரர் அந்தப் புள்ளி மூல வசனத்திலை இருந்ததோ எண்டு பாத்துத்தான் உள்ளுக்கை விடுவினம். பிறகு பிறைக்கற்றுக்குள்ளை, அதாவது வளைவு அடைப்புக்குள்ளை, ஆசிரியர் பேர், வருசம், பக்கம் வந்தால் ரெண்டு பகுதியும் சமாதானமாகிடும். கொட்டேசன் மூடும், பிறைக்கற் வரும், அதுக்குப் பிறகுதான் புள்ளி. ஏபிஏ, எம்எல்ஏ எண்டு கட்டுரையிலை மேற்கோள் போடுறதுக்கு விதி சொல்லுற ரெண்டு அமெரிக்க முறை இருக்கு; ஏபிஏ எண்டாலும் அதுதான், எம்எல்ஏ எண்டாலும் அதுதான் (எங்கடை ஊரிலை எம்எல்ஏ எண்டால் இந்தியாக்காரற்றை அரசியல்வாதி எண்டு நினைக்கிற பிள்ளையளும் இருக்கினம், அது வேற கதை). மேற்கோள் நீண்டு போனால் மாத்திரம் இது தலைகீழாகும்: உள்ளுக்குத் தள்ளித் தனிப் பந்தியாப் போட்டால் கொட்டேசன் குறி இல்லை, புள்ளி முதல்லை, பிறைக்கற் பிறகு. கேள்விக்குறி மூலத்திலை இருந்தால் அது உள்ளுக்கைதான் இருக்கோணும், பிறைக்கற்றுக்குப் பிறகு வசனத்தை முடிக்க வேற ஒரு புள்ளி.

இப்ப தமிழுக்கு வாங்கோ. தமிழிலை வசனம் மேற்கோளிலை முடியிறதே குறைவு. “...” என்று கூறுகிறார், “...” எனக் குறிப்பிடுகிறார், “...” என்பது அவரது கருத்து. கடைசியிலை வினைச்சொல் நிக்குது, புள்ளி அதுக்குப் பக்கத்திலை போய் நிக்கும். அப்ப உள்ளுக்கையோ வெளியிலையோ எண்ட கேள்வியே முக்காவாசி விழுந்து போகுது! எங்களுக்கு மிஞ்சிற கேள்வி வேற: பிறைக்கற் எங்கை வாறது? மேற்கோள் முடிஞ்ச உடனையோ, இல்லாட்டி “குறிப்பிடுகிறார்” எண்டதுக்குப் பிறகோ? ஏபிஏ சொல்லுறது, மேற்கோள் வசனத்துக்கு நடுவிலை முடிஞ்சாலும் பக்க எண் அதுக்குப் பக்கத்திலையே நிக்கோணும் எண்டு. அப்பிடிப் பாத்தால் “...” (ப. 45) எனக் குறிப்பிடுகிறார் எண்டுதான் வரும். கன பேருக்கு அது கண்ணிலை குத்துது, “என” எண்டதை மேற்கோளிலையிருந்து பிரிக்கிற மாதிரி இருக்கு எண்டுவினம். எனக்கு அதுதான் பிடிக்கும். வினைச்சொல்லுக்குப் பிறகு பிறைக்கற்றைக் கொண்டுபோய்ப் போட்டால், ஒரு வசனத்துக்குள்ளை ரெண்டு பேற்றை மேற்கோள் வரேக்கை எந்தப் பக்க எண் ஆருக்கு எண்டு தெரியாமல் போகும், நான் எத்தினையோ தரம் பாத்திட்டன்.

உள்ளுக்கை வாற கடைசிப் புள்ளியை நான் எடுத்து விடுறனான். மேற்கோளுக்குள்ளை ரெண்டு வசனம் இருந்தால் நடுப்புள்ளி இருக்கும், கடைசிப் புள்ளி இராது, ஏனெண்டால் “என்று” வந்து அந்த வசனத்தைத் தன்ரை வசனத்துக்குள்ளை இழுத்துப் போடுது. கேள்விக்குறியையும் ஆச்சரியக்குறியையும் எடுக்கிறேல்லை, எடுத்தால் கேட்டது சொன்னதாப் போயிடும்.

இன்னொண்டு, ஏபிஏயிலை 40 சொல்லும் அதுக்கு மேலையும் எண்டால் தனிப் பந்தியாப் போடச் சொல்லுது. அந்தக் கணக்கு இங்கிலீசுக்குச் சரி. தமிழிலை ஒரு சொல்லு எண்டால் என்ன? “போகவேண்டியிருந்ததனாலேயே” எண்டது ஒரு சொல். அதை இங்கிலீசிலை சொல்ல எத்தினை சொல் வேணும்? தமிழிலை 40 சொல் எண்டால் பக்கத்திலை ஒரு பெரிய துண்டு போயிடும், அதைக் கொட்டேசனுக்குள்ளை வைச்சால் வாசிக்கிற ஆள் எங்கை தொடங்கினது எண்டதை மறந்திடும். எம்எல்ஏக்காரர் வரியிலை கணக்குப் பாக்கினம், உரைநடை நாலு வரிக்கு மேலை போனால் தனிப் பந்தி. தமிழுக்கு அதுதான் தோது எண்டது என்ரை எண்ணம், ஆனா கைநூலிலை 40 எண்டு இருந்தால் பிள்ளையள் 40 எண்டுதான் எண்ணிக்கொண்டிருக்கினம், நான் என்ன செய்ய.

பாமினியும் அப்பான்ரை பேரும்

இங்கிலீசு எழுத்தும் குறியும் இருக்கிற இடத்திலை தமிழ் எழுத்தை வைச்ச பாமினி எழுத்துருவிலை அடிச்சுப் பழகின எங்களை மாதிரி ஆக்களுக்கு நிறுத்தக்குறி எண்டது கை விரலிலையே ஒரு சிக்கல். கொமா அடிக்கிற இடத்தைத் தட்டினால் “இ” வரும். அரைப்புள்ளியைத் தட்டினால் எழுத்துக்கு மேலை குத்து விழும். சதுர அடைப்பைத் திறந்தால் “ஜ”, மூடினால் “ஸ”. மேற்கோளுக்குள்ளை நாங்கள் சேக்கிற சொல்லைச் சதுர அடைப்புக்குள்ளை போடோணும் எண்டது எல்லா முறையிலையும் இருக்கிற விதி, மூலத்திலை “அவர்” எண்டு இருந்தால் அந்த அவர் ஆர் எண்டு வாசிக்கிற ஆளுக்குச் சொல்லுறதுக்கு. பாமினியிலை அதை அடிக்கிறதெண்டால் எழுத்துருவை மாத்தோணும், அடைப்பைப் போடோணும், திரும்பப் பாமினிக்கு வரோணும். ஆருக்குப் பொறுமை? அதாலைதான் எங்கடை பக்கத்துப் பழைய ஆய்வேடுகளிலை சதுர அடைப்பே இல்லை எண்டு நான் நினைக்கிறன், எழுதினவர் தன்ரை சொல்லையும் மூலத்தான்ரை சொல்லையும் ஒரே வளைவு அடைப்புக்குள்ளை கலந்து விட்டிருப்பார். பாமினியிலை இருந்ததை யூனிகோட்டுக்கு மாத்தேக்கை இன்னும் கூத்து. இங்கிலீசிலை இருந்த ஆசிரியர் பேரெல்லாம் ஆற்றையோ பேய்ப் பாஷை மாதிரித் தமிழ் எழுத்தா மாறி நிக்கும், அதைப் பாக்காமல் அப்பிடியே பைண்ட் பண்ணிக் குடுத்த ஆய்வும் எங்கேயோ றாக்கையிலை இருக்கும்.

பேர் எண்டது அதைவிடப் பெரிய கதை. குடும்பப் பேரைப் போடு, பிறகு வருசத்தைப் போடு எண்டு வெள்ளைக்காரன் சொல்லிப்போட்டான். எங்களுக்கு எங்கை குடும்பப் பேர்? கார்த்திகேசு சிவத்தம்பியை எடுங்கோ. கார்த்திகேசு அவற்றை அப்பா. அதாலை சிவத்தம்பி, வருசம் எண்டு போடுறது சரி. ஆனா பிள்ளையள் இணையத்திலை கிடக்கிற மேற்கோள் செய்யிற கருவிகளிலை பேரைக் குடுப்பினம், ஒரு படிவத்திலை தன்ரை பேர் முன்னுக்கும் அப்பா பேர் பின்னுக்கும் இருந்திருக்கும், கருவி கடைசிப் பேரைப் பிடிச்சுக்கொண்டு வரும். பிறகு கட்டுரை முழுக்க அந்த ஆராய்ச்சியாளற்றை அப்பா வாதாடுவார், மறுப்பார், முடிவுக்கு வருவார். பொம்பிளைப் பிள்ளையளின்ரை கட்டுரை எண்டால் கலியாணத்துக்கு முதல் அப்பா, பிறகு புருசன். எழுதின மனிசி ஒரு முதல் எழுத்தாக் கூட நிக்காது. நான் ரைப் பண்ணேக்கை கேக்கிறது ஒண்டுதான்: இந்தப் பேரிலை எது அந்த ஆளைக் கூப்பிடுற பேர்? அதைப் போடுங்கோ.

புத்தகமே இல்லாத ஊரிலை பக்க எண் கேக்கிறதும் ஒரு பகிடிதான். 2009இலை சண்டை முடிஞ்ச பிறகு ஊருக்குத் திரும்பி வந்த ஆக்களின்ரை வீட்டிலை கூரையே இல்லை, புத்தகத்துக்கு எங்கை போறது. இப்ப எங்கடை பழைய புத்தகங்களை ஸ்கான் பண்ணிப் போடுற “நூலகம்” எண்ட இணையத்தளத்திலைதான் முக்காவாசிப் பேர் எடுக்கினம், அது 2005இலை தொடங்கினது, அது இல்லாட்டி எங்கடை பக்கத்திலை ஆய்வெண்டு ஒண்டு நடக்குமோ தெரியாது. ஆனா பிடிஎப்பிலை கணினி காட்டுற பக்க எண்ணும் புத்தகத்தின்ரை அடியிலை அச்சடிச்ச பக்க எண்ணும் ஒண்டில்லை, அட்டையும் முன்னுரையும் சேர்ந்து எண்ணைத் தள்ளிவிடும். அச்சடிச்ச எண்ணைத்தான் போடோணும். அதோடை லூயிஸ் எண்ட வெள்ளைக்கார உத்தியோகத்தர் 1895இலை வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைநூல் எழுதினவர் எல்லோ, வன்னியைப் பற்றி எழுதுற எல்லாரும் அவரை மேற்கோள் காட்டுவினம், ஆனா அவற்றை புத்தகத்தைத் திறந்து பாத்த ஆள் குறைவு. ஆரோ ஒருத்தர் தமிழிலை எழுதின புத்தகத்துக்குள்ளாலை வந்த லூயிஸ் அவர். அப்ப கட்டுரையிலை லூயிஸ் பேரைச் சொல்லி, இன்னாரிடம் மேற்கோள் காட்டப்பட்டவாறு எண்டு அந்தத் தமிழ்ப் புத்தகத்தைக் காட்டோணும், பின்னுக்கு உசாத்துணையிலை அந்தத் தமிழ்ப் புத்தகம் மாத்திரம்தான் வரோணும். இதைச் சொன்னால் பிள்ளையளுக்கு முகம் சுருங்கும், 1895 எண்டு ஒரு வருசம் உசாத்துணையிலை கிடந்தால் ஒரு எடுப்பு எல்லோ.

சிறுபோகக் கூட்டத்துக் கதை

இவ்வளவும் கைப்பழக்கத்திலை வந்த அறிவு. எனக்கு இந்த விசயம் மனசிலை வந்து குந்தினது 2022இலை ஒரு பிள்ளை கொண்டுவந்த ஆய்வாலை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை, இரணைமடுக் குளத்திலை சிறுபோகத்துக்குத் தண்ணி பங்கிடுறதைப் பற்றிச் செய்தது. தெரியாத ஆக்களுக்கு ஒரு சொல்லு: காலபோகம் மழையோடை போகும், சிறுபோகம் எண்டால் கனகராயன் ஆறு கொண்டுவந்து குளத்திலை விட்ட தண்ணியைப் பாத்து, கூட்டம் வைச்சு, எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு முடிவெடுக்கிறது. அந்தக் கூட்டத்திலை ஆர் என்ன சொன்னது எண்டதுதான் பிறகு வருசம் முழுக்கச் சண்டை. பேப்பர் விலை ஏறி, கரண்ட் நிண்டு நிண்டு வந்த காலம், ஒரு பக்கத்தைத் திருப்பிப் பிறின்ற் எடுக்கிறதெண்டாலே ரெண்டு தரம் யோசிக்கோணும், அதாலை நான் முதலே திரையிலை ஒருக்கா வாசிச்சுப் பாப்பன். ஒரு இடத்திலை இப்பிடி இருந்தது:

“தண்ணீர் போதாவிடின் நான் பொறுப்பல்ல” என அதிகாரி உறுதியாகத் தெரிவித்தார் (நேர்காணல், 2022).

கொட்டேசன் சரி, பிறைக்கற் சரி, புள்ளி சரியான இடத்திலை. எந்தச் சேரும் சிவப்புப் பேனை வைக்கேலாது. நான் சும்மா வாய் விட்டுத்தான் கேட்டனான், “பிள்ளை, உந்த அதிகாரியையும் பேட்டி எடுத்தனீரோ?” எண்டு.

“இல்லை அண்ணை, அவர் மாறிப் போட்டார். கமக்காரர் அமைப்பிலை இருக்கிற ஒரு ஐயாதான் சொன்னவர். போனிலை றெக்கோட் கிடக்கு.”

போட்டுக் காட்டச் சொன்னன். பின்னாலை லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒண்டு இரையிற சத்தத்துக்குள்ளாலை அந்த ஐயா சொல்லுறார்: அண்டைக்குக் கூட்டத்திலை, தண்ணி காணாட்டித் தான் பொறுப்பில்லை எண்ட மாதிரித்தான் அவர் கதைச்சவர்.

திருப்பியும் போட்டுக் கேட்டம். ஐயா சொன்னது “எண்ட மாதிரி”. அவர் கூட்டத்திலை கேட்டதைத் தன்ரை ஞாபகத்திலை இருந்து, தன்ரை வாயாலை, அதுவும் மாதிரி எண்டு ஒரு இடைவெளி விட்டுச் சொல்லுறார். தாளுக்கு வரேக்கை அந்த “மாதிரி” காணாமல் போட்டுது. “தான்” எண்டது “நான்” ஆகிட்டுது. “காணாட்டி” எண்டது “போதாவிடின்” ஆகிட்டுது. “உறுதியாக” எண்டு ஒரு சொல் புதுசா வந்திருக்கு, அது அந்தப் பிள்ளையின்ரை. கடைசியிலை நேர்காணல் எண்டு பிறைக்கற்றுக்குள்ளை போட்டதாலை வாசிக்கிற ஆள், அந்த அதிகாரி இந்தப் பிள்ளைக்கு முன்னாலை கதிரையிலை இருந்து இதைச் சொன்னவர் எண்டுதான் நினைக்கும். பேட்டி குடுக்காத மனிசன் ஒருத்தர் கொட்டேசனுக்குள்ளை வந்து நிக்கிறார்.

பிள்ளைக்குக் கண் கலங்கிப் போச்சு. “அண்ணை, நான் ஒண்டும் பொய் எழுதேல்லை, ஐயா சொன்ன கருத்து அதுதானே.”

“கருத்து அதுதான் பிள்ளை. கருத்தெண்டால் குறி வேண்டாம், குறி போட்டால் அந்த ஆளின்ரை சொல்லு வேணும்.”

நான் அதைக் கடுமையாச் சொல்லேல்லை, ஏனெண்டால் அந்தப் பிள்ளை செய்ததை நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் வாயாலை செய்யிறம். எங்கடை கதை முழுக்க எண்டவன், எண்டவள், எண்டினம். அம்மா வரச் சொன்னவா எண்டு சொல்லேக்கை அம்மா உண்மையிலை என்ன சொல்லாலை சொன்னவா எண்டு ஆரும் கேக்கிறேல்லை, கேட்டால் பைத்தியம் எண்டுவினம். பள்ளிக்கூடத்திலை நேர்கூற்றை அயற்கூற்றாக்கு, அயற்கூற்றை நேர்கூற்றாக்கு எண்டு பயிற்சி தருவினம், தான் எண்டதை நான் ஆக்கினால் மாக்ஸ் கிடைக்கும். அந்தப் பயிற்சியை அப்பிடியே ஆய்வுக்குள்ளை கொண்டுவந்தால் என்ன நடக்கும் எண்டு ஒரு ரீச்சரும் சொல்லித் தரேல்லை. அயற்கூற்றை நேர்கூற்றாக்கிறது இலக்கணத்திலை கேள்வி ஒண்டுக்கு மறுமொழி, ஆய்விலை அது ஒரு மனிசன் சொல்லாத சொல்லை அவற்றை வாயிலை வைக்கிறது. வயலுக்கு வரம்பு மாதிரித்தான் உந்த ரெண்டு குறியும், இதுக்குள்ளை உள்ளது அவற்றை, வெளியிலை உள்ளது என்ரை. வரம்பை ஒரு முழம் தள்ளிப் போட்டால் எங்கடை ஊரிலை கத்தி எடுப்பாங்கள்.

அந்த வசனம் பிறகு இப்பிடி வந்தது: கமக்காரர் ஒருவர் அக்கூட்டத்தை நினைவுகூர்ந்து, “தண்ணி காணாட்டித் தான் பொறுப்பில்லை எண்ட மாதிரித்தான் அவர் [அதிகாரி] கதைச்சவர்” எனக் கூறினார். சதுர அடைப்பு நாங்கள் போட்டது. “உறுதியாக” எண்டதை எடுத்தாச்சு. அந்த ஐயாவின்ரை முழுப் பேரும் ஊரும் வேற ஒரு இடத்திலை இருந்தது, அதையும் எடுத்தம். ஏபிஏயின்ரை ஏழாம் பதிப்பு, 2019இலை வந்தது, அதிலை இது வடிவா இருக்கு: ஆய்வுக்காக நீங்கள் பேட்டி எடுத்த ஆக்களின்ரை சொல்லை மற்ற ஆக்களின்ரை கடிதம், மின்னஞ்சல் மாதிரித் தனிப்பட்ட தொடர்பாடல் எண்டு பேர் போட்டுக் காட்டிறேல்லை, கட்டுரைக்குள்ளையே கமக்காரர் எண்டோ ஒரு புனைபேரோ போட்டுவிட்டால் போதும், உசாத்துணையிலையும் வராது. அது வன்னிக்கெண்டு எழுதின விதி இல்லைத்தான், ஆனா இஞ்சை ஒரு ஆளின்ரை பேரோடை ஒரு சொல்லு அச்சிலை போனால் அது எங்கை எங்கை போய் வரும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பிள்ளை அதே கிழமையே திரும்பி வந்திட்டுது, சேர் சிவப்பிலை எழுதியிருக்கிறார், ஆய்வேட்டிலை பேச்சு வழக்கு வரக் கூடாது எண்டு. சேரையும் பிழை சொல்லேலாது, அவருக்கு முன்னாலை வாற கட்டுரையிலை பாதி முழுக்கவே பேச்சுத் தமிழிலை கிடக்கும் (இந்தக் கட்டுரையைப் பாத்தால் என்ன சொல்லுவாரோ). நாங்கள் யோசிச்சு, ஆய்வுமுறை அத்தியாயத்திலை ஒரு வசனம் சேத்தம்: மேற்கோள் குறிக்குள் வருவன நேர்காணலில் கூறப்பட்டவாறே தரப்பட்டுள்ளன, ஏனையவை ஆய்வாளரின் சுருக்கம். அதோடை பாதி மேற்கோளின்ரை குறியை எடுத்துவிட்டு, நல்ல தமிழிலை கருத்தாச் சொன்னம். ரெண்டிலை ஒண்டு எண்டால் சேருக்கும் மறுப்பில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கலப்பில்லாத ஒரு முறை, அவ்வளவுதான்.

முன்னோர் மொழி

இதை எங்கடை பழைய ஆக்கள் யோசிக்காமல் விட்டவை எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன், ஓலையிலை கொட்டேசன் குறி ஏது, தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறியைக் கொண்டு வந்ததிலை ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு எண்டுதானே எங்களுக்குப் படிப்பிச்சது. பிறகு தமிழ் சிறப்புப் பாடம் செய்யிற ஒரு தம்பியின்ரை ஒப்படையை அடிக்கேக்கை நன்னூல்ப் பாயிரம் வந்தது. நூலுக்குரிய உத்திகளைச் சொல்லிக்கொண்டு போற இடத்திலை “தானெடுத்து மொழிதல்”, அதுக்கு அடுத்ததா “பிறன்கோட் கூறல்”. முன்னவன்ரை சூத்திரத்தை அப்பிடியே எடுத்துச் சொல்லுறது ஒண்டு, இன்னொருத்தன்ரை கொள்கையைச் சொல்லுறது வேற ஒண்டு. ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை, ஆனா ரெண்டு. அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதம் முழுக்க அந்த ஒரு வரியிலை கிடக்கு! அதே பாயிரத்திலை “முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்” எண்டு பழைய சூத்திரத்தை ஏன் அப்பிடியே எடுத்து வைக்கிறம் எண்டதுக்குக் காரணமும் சொல்லியிருக்கு. பொருளும் வேணும், சொல்லும் வேணும். குறி இல்லாத காலத்திலை எங்கை மற்றவன் முடியிறான், எங்கை நான் தொடங்கிறன் எண்டதை “என்மனார் புலவர்”, “என்ப” எண்டு சொல்லாலையே கட்டி வைச்சிருக்கினம். பேர் சொல்லேல்லை எண்டது உண்மைதான், எந்தப் புலவர் எண்டு இண்டைக்கு ஒரு சேரும் விடமாட்டார்.

(போற போக்கிலை ஒண்டு: இந்த மாதிரிப் பழைய நூலுக்குப் பக்க எண் போடாதேங்கோ. குறளுக்குக் குறள் எண், இலக்கணத்துக்கு நூற்பா எண். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், நூற்பா எண்ணை வைச்சு எந்தப் பதிப்பிலையும் கிட்டமுட்டப் பிடிக்கலாம்.)

மூண்டு புள்ளி

எனக்கு இன்னும் சரியான விடை கிடைக்காத இடம் ஒண்டிருக்கு. மேற்கோளிலை ஒரு பகுதியை விட்டால் மூண்டு புள்ளி போடுறம். விட்டது நான், அதாவது எழுதுற ஆள். ஆனா எங்கடை சனத்தைப் பேட்டி எடுத்தால் சனமே மூண்டு புள்ளி போடும். 2009ஐப் பற்றி, கடைசிக் காலச் சண்டை நடந்த மாத்தளனைப் பற்றி, முகாமைப் பற்றிக் கேட்டால் வசனத்தைத் தொடங்கிப்போட்டு நிப்பாட்டிப்போடும், பிறகு வேற எங்கையோ தொடங்கும். பிள்ளையள் அதுக்கும் மூண்டு புள்ளிதான் போடுகினம். அப்ப வாசிக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும், அந்த அம்மா சொல்லாமல் விட்டவாவோ, இல்லாட்டி அம்மா சொன்னதை இந்தப் பிள்ளை வெட்டினதோ? ரெண்டும் ஒரே மூண்டு புள்ளி. 2010இலை நல்லிணக்க ஆணைக்குழு எண்டு வந்ததிலையிருந்து இஞ்சை சனம் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போட்டுது, கேட்ட ஆக்கள் எழுதினவை, மொழிபெயர்த்த ஆக்கள் மாத்தினவை, சுருக்கின ஆக்கள் சுருக்கினவை, சனம் சொன்னதும் அறிக்கையிலை வந்ததும் ஒண்டோ எண்டு சொன்ன சனத்துக்குக் காட்டினது ஆர்?

நான் இப்ப பிள்ளையளுக்குச் சொல்லுறது, நீங்கள் வெட்டின இடத்துக்குச் சதுர அடைப்புக்குள்ளை மூண்டு புள்ளி போடுங்கோ, ஆள் நிப்பாட்டின இடத்துக்குச் சும்மா மூண்டு புள்ளி போடுங்கோ, ஆய்வுமுறையிலை அதை ஒரு வசனமா எழுதுங்கோ. இதை நான் கண்டுபிடிக்கேல்லை, பேச்சை எழுத்தாக்கிற ஆராய்ச்சியாளர் கன பேர் இப்பிடித்தான் செய்யினம். ஆனா கதைச்சுக்கொண்டிருந்த ஆள் எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்ததை என்னெண்டு போடுறது, சிரிச்சதை என்னெண்டு போடுறது, அதெல்லாம் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. ஒரு பிள்ளை [சிரிப்பு] எண்டு போட்டுக்கொண்டு வந்தது, அந்த இடத்தை நான் வாசிச்சுப் பாத்தன், அது சிரிக்கிற கதையே இல்லை. ஆனா ஆள் சிரிச்சது உண்மை எண்டு பிள்ளை சொன்னது. அப்ப இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

இப்ப சீசன் திரும்பத் தொடங்கிட்டுது. முந்தநாள் ஒரு ரீச்சர் வந்தவா, ஆரம்பப் பிரிவிலை படிப்பிக்கிறவா, பிள்ளையளுக்குக் கழித்தல் கணக்கு விளங்காததைப் பற்றிச் செயல்நிலை ஆய்வு. அதிலை மூண்டாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன் கொட்டேசனுக்குள்ளை சொல்லுறான்: “கடன் பெற்றுக் கழிக்கும் செய்கை எனக்குக் கடினமாகவுள்ளது.” புள்ளி உள்ளுக்கை.

“ரீச்சர், பெடியன் உண்மையிலை என்ன சொன்னவன்?”

அவா சிரிச்சுப்போட்டா. “‘ஏலாது மிஸ், நீங்களே செய்யுங்கோ’ எண்டான்.”

“அதையே அடிக்கட்டோ?”

“ஐயோ, சுப்பர்வைசர் என்ன சொல்லுவாரோ தெரியேல்லையே.” கொஞ்ச நேரம் தாளைப் பிரட்டிக்கொண்டு நிண்டா. “சரி, அடியுங்கோ. ‘நீங்களே செய்யுங்கோ’ எண்டதை மட்டும் விட்டிடுங்கோ.”

“விட்டால் மூண்டு புள்ளி போடோணும் ரீச்சர், அடைப்புக்குள்ளை.”

“அப்ப முழுசாவே அடியுங்கோ” எண்டிட்டா.